வடமதுரைக் கல்லில் யவனத் தெய்வமா?

வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் வடமதுரையைக் காணாதவை மிகச் சிலவே. யமுனையில் நீராடி, கண்ணன் பிறந்த இடத்தைத் தொழுது, பிருந்தாவனத்தை வலம் வந்து, பேடா வாங்கிக்கொண்டு திரும்புவது நம்மவர் வழக்கம். அந்நகரின் அருங்காட்சியகத்துள் நுழைவோர் தொகை மிகக் குறைவு. நுழைந்தோரிலும், புள்ளிகள் செறிந்த செந்நிற மணற்கல்லில் செதுக்கப்பட்ட ஒரு பெருவயிற்று மனிதனின் முன் நின்று, ‘இவன் யார்?’ என்று வினவியோர் அரியர்.

பாறைமேல் அமர்ந்திருக்கின்றான் அவன். மேனியில் பாதி திறந்து கிடக்கின்றது. கையில் கிண்ணம், அருகே ஏவலர். கல்லின் மறுபுறத்தில் அவனே மயக்கம் மிகுந்து தள்ளாட, இருபுறமும் உள்ளோர் அவனைத் தாங்குகின்றனர். தலைக்குமேல் மரம் கிளை பரப்பி நிற்கின்றது. கல்லில் பெயர் இல்லை. இவன் தேவனா, மனிதனா, மன்னனா, வெறுங்குடியனா? இவ்வினாவுக்கு விடை காண அறிஞர் உலகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உழைத்தது. முதலில் கிடைத்த விடை கிரேக்க நாட்டிலிருந்து வந்தது. இறுதியில் கிடைத்த விடை அந்த மண்ணிலேயே இருந்தது. அவ்விடை தமிழர்க்கும் நெருங்கிய உறவுடையது. அறியாத ஒன்றுக்கு அறிந்த பெயரை இடுவதன் பயனும் கேடும் இந்த ஒரு கல்லின் வரலாற்றில் தெளிவாகப் புலப்படுகின்றன. ஆதலின் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கல்லும் கண்டவரும்

இத்தகைய கற்களுள் முதலில் ஆய்வுலகின் கண்ணில் பட்டது மற்றொன்று. வடமதுரைப் பகுதியில் அதனைக் கண்டெடுத்தவர் கர்னல் ஸ்டேசி என்னும் படைத்தலைவர். பழங்காசுகள் திரட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர். 1836-ஆம் ஆண்டில் வங்க ஆசியக் கழகத்தின் இதழில், வடஇந்தியாவில் கிரேக்கச் சிற்பம் ஒன்று கிடைத்துள்ளது என்னும் செய்தி வெளியாயிற்று. அக்காலத்தில் கழகத்தின் செயலராக விளங்கியவர் ஜேம்ஸ் பிரின்செப். கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய அவர், பழங்காசு, பழஎழுத்து ஆகிய துறைகளில் அந்நாளில் இணையற்றவர்.

பிரின்செப் அக்கல்லில் கண்டவை யாவை? பருத்த உடலினன் ஒருவன், பாதி ஆடையுடன், தாழ்ந்த இருக்கையில் சாய்ந்திருக்கின்றான். அவன் தலையில் இலைகளால் ஆன முடி. விரிந்த கைகளை இருபாலும் நிற்கும் ஆணும் பெண்ணும் தாங்குகின்றனர். பெண்ணின் உடை இந்திய உடையாகத் தோன்றவில்லை. இவ்வளவையும் கூட்டிப் பார்த்த அவருக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது: சைலீனஸ். அன்றுமுதல் அக்கல் ‘ஸ்டேசி சைலீனஸ்’ என்றே வழங்கலாயிற்று. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் செல்வங்களுள் ஒன்றாகவும் அமைந்தது.

1870-களில் வடமதுரை மாவட்டத்தில் ஆட்சியராக இருந்தவர் கிரௌஸ். வடமொழியும் இந்தியும் நன்கறிந்தவர். துளசிதாசரின் இராமாயணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1874-இல் வடமதுரை அருங்காட்சியகம் தோன்றக் காரணமானவர். அவர் பாலிகேரா என்னும் சிற்றூரில் இதனோடொத்த மற்றொரு கல்லைக் கண்டார். தொடக்கத்தில் நாம் கண்ட பெருவயிற்று மனிதன் அதில்தான் இருக்கின்றான். இவ்வாறு ஒன்று இரண்டாயிற்று, புதிரும் வலுத்தது.

சைலீனஸ் என்பவன் யார்?

கிரேக்கரின் பெருந்தெய்வங்கள் ஒலிம்பஸ் மலைமுடியில் வாழ்ந்தன. ஆனால் காட்டிலும் மேட்டிலும் ஊற்றிலும் உறைந்த சிறுதெய்வங்கள் வேறு. ஆர்க்கேடிய மலைநாட்டு இடையர் வணங்கிய பான் ஆட்டுக்காலும் கொம்பும் உடையவன், குழல் ஊதுபவன். உச்சிப் பொழுதில் அவன் துயிலைக் கலைப்போர்க்குக் காரணம் அறியா நடுக்கம் பிறக்கும் என நம்பினர். மரத்தில் உறையும் அணங்குகளும், ஊற்றில் உறையும் அணங்குகளும் தனித்தனிப் பெயர் பெற்றிருந்தன. தான் உறையும் மரம் பட்டால் தானும் மடியும் அணங்கும் உண்டு. சாட்டிர் எனப்பட்டோர் குதிரை வாலும் கூர்ஞ்செவியும் கொண்டு காட்டில் கூத்தாடித் திரிவோர்.

இக்கூட்டத்தின் முதியவனே சைலீனஸ். தேறற் கடவுளாகிய டயோனிசஸை வளர்த்தவன் அவன். வழுக்கைத் தலை, சப்பை மூக்கு, பெருவயிறு, ஓயாத மயக்கம் ஆகியவை அவன் அடையாளங்கள். தானாக நடக்க இயலாமையால் கழுதைமேல் ஏறியோ, பிறர் தோளில் சாய்ந்தோ செல்வான். எனினும் அவன் வெறுங்குடியன் அல்லன். மைடஸ் மன்னன் அவனைப் பிடித்து, மானிடர்க்குச் சிறந்தது எதுவெனக் கேட்டபோது, பிறவாமையே சிறந்தது என விடையிறுத்தான் என்பது அவர்தம் பழங்கதை. பிளேட்டோவின் ‘விருந்து’ என்னும் உரையாடலில் சாக்ரடீஸை ஒருவன் சைலீனஸ் பாவைக்கு ஒப்பிடுகின்றான். கடைத்தெருவில் விற்கப்பட்ட அப்பாவைகள் வெளியே அழகற்றவை. திறந்து பார்த்தாலோ உள்ளே தெய்வ வடிவங்கள் இருக்கும்.

இவற்றையெல்லாம் இளமையிலேயே படித்துத் தேர்ந்த ஐரோப்பிய அறிஞர், வடமதுரைக் கல்லில் பெருவயிறும் கிண்ணமும் இலைமுடியும் தாங்கும் தோள்களும் கண்டபோது சைலீனஸ் என்று சொன்னதில் வியப்பில்லை. யவனர் அப்பகுதியோடு தொடர்பே இல்லாதவரும் அல்லர். வடமதுரைக்கு அருகில் மகேராவில் கிடைத்த கல்வெட்டு ‘யவன ராச்சியத்தின் 116-ஆம் ஆண்டு’ என்று காலம் கணிக்கின்றது. ஆகவே அவர்களுடைய கருத்து பொருந்தாத கற்பனை என்று தள்ளிவிடத் தக்கதன்று. ஆயினும் பொருந்துவது போலத் தோன்றுவது வேறு. உண்மையில் பொருந்துவது வேறு.

இலை காட்டிய வழி

அயல்நாட்டுத் தெய்வத்துக்குத் தம் தெய்வத்தின் பெயரை இடுவது கிரேக்கரின் பழைய வழக்கம். கி.மு. 326-ஐ ஒட்டி அலெக்சாந்தர் படையுடன் வந்தபோது, நைசா என்னும் ஊரை அடுத்த குன்றில் ஐவி என்னும் படர்கொடி தழைத்திருக்கக் கண்டனர். அது டயோனிசஸுக்கு உரிய கொடி. தாயகத்தை விட்டுப் பல்லாண்டு கடந்த வீரர்கள் அதனைக் கண்டு உள்ளம் பூரித்து, முடியாகச் சூடி ஆடிப் பாடினர் என அரியன் எழுதுகின்றார். தம் கடவுள் தமக்கு முன்பே அங்கு வந்து சென்றதாக அவர்கள் நம்பினர். அயல்நாட்டில் அறிந்த இலை ஒன்றைக் கண்டால் உள்ளம் எவ்வாறு துள்ளும் என்பதைப் புலம்பெயர்ந்து வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

சந்திரகுப்த மௌரியன் அவைக்குத் தூதுவராக வந்த மெகஸ்தனிஸும் அவ்வாறே செய்தார். சூரசேனர் தம் நகராகிய மெதோராவில் ஹெராக்ளிஸை வழிபடுகின்றனர் என்பது அவர் குறிப்பு. மெதோரா என்பது இவ்வடமதுரையே. அவர் ஹெராக்ளிஸ் என்றது கண்ணனை என்பது பெரும்பாலோர் துணிபு. அவர் அத்துடன் நிறுத்தவில்லை. ஹெராக்ளிஸுக்குப் பண்டையா என்னும் மகள் ஒருத்தி இருந்ததாகவும், அவள் ஆண்ட நாடு அவள் பெயரையே பெற்றதாகவும், அந்நாடு முத்துக்குப் பெயர்பெற்றதாகவும் அவர் கேட்டறிந்து எழுதினார். பெண்ணரசி, பாண்டியர் பெயர், முத்து என்னும் மூன்றையும் நோக்குவார்க்கு அது தென்மதுரைச் செய்தி எனத் தெரியும். செய்தி நம்முடையது, தந்தையின் பெயர் மட்டும் கிரேக்கருடையது. மெகஸ்தனிஸ் பொய்யுரைக்கவில்லை, தம் நாட்டார்க்கு விளங்கும் பெயரை இட்டார். ஆனால் அப்பெயர் இடப்பட்டவுடன், அத்தெய்வம் தன் மக்களிடையே பெற்றிருந்த பெயர் அவர் நூலில் மறைந்துபோயிற்று.

நைசாவில் வீரர்களுக்கு ஒரு கொடி வழிகாட்டியது. 1836-இல் பிரின்செப்புக்குக் கல்லிலிருந்த இலைமுடி வழிகாட்டியது. இடையில் கழிந்தவை இரண்டாயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள்; உள்ளத்தின் போக்கோ ஒன்றே.

ஐயம் பிறந்தது

கிரௌஸ் 1875-இல் ஆசியக் கழக இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஐயம் தொனிக்கின்றது. ‘கிரேக்கச் சிற்பம்’ என்று அவர் கூறவில்லை. ‘கிரேக்கச் சிற்பம் எனக் கருதப்படுவது’ என்றே குறித்தார். மாவட்டம் முழுவதும் அலைந்து ஊர்தோறும் கேட்டறிந்தவர் ஆதலின், கல்கத்தாவில் இருந்து நோக்கியவர்க்குத் தெரியாதவை அவருக்குத் தெரிந்தன.

முதலாவது மரம். தலைக்குமேல் விரிந்த அது கொடிமுந்திரியும் அன்று, ஐவியும் அன்று, அசோகம். நம் இலக்கியம் பிண்டி என்றும் செயலை என்றும் போற்றும் மரம் அதுவே. இரண்டாவது கல்லின் அமைப்பு. இத்தகைய கல்லின் தலைப்புறம் வட்டமாகக் குடையப்பட்டுள்ளது. வட்டில் ஒன்றைத் தாங்கும் தாங்கியாக அது பயன்பட்டிருத்தல் வேண்டும். மூன்றாவது, அக்கல் வடமதுரைச் சிற்பக்கூடங்கள் கையாண்ட அதே செம்மணற்கல். குஷாணர் காலத்து வேலைப்பாடு அது. அக்காலத்தில் அப்பகுதியில் யவனர் ஆட்சி மறைந்து நெடுநாள் ஆகியிருந்தது.

1910-இல் வடமதுரை அருங்காட்சியகப் பட்டியலைத் தொகுத்த டச்சு அறிஞர் ஃபோகல் இப்புதிரை வேறு கோணத்தில் அணுகினார். ஏதென்ஸ் நகரத்துச் சிற்பங்களோடு ஒப்பிடுவதற்கு முன்னர், அதே அருங்காட்சியகத்தில் அடுத்த மாடங்களில் இருந்த சிற்பங்களோடு ஒப்பிட்டார். பெருவயிறு, ஒரு கையில் கிண்ணம், மறுகையில் பணப்பை ஆகியவற்றோடு அமர்ந்த சிறு வடிவங்கள் வடமதுரையில் ஏராளம். அவை குபேரன் வடிவங்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. குபேரன் இயக்கர்களின் தலைவன், செல்வத்தின் காவலன், வடதிசைக்கு உரியவன், அவன் இருக்கை கயிலை மலை. பாலிகேராக் கல்லில் அவன் பாறைமேல் அமர்ந்திருப்பதன் பொருள் இப்போது விளங்கும். கிண்ணமும் அவனுக்கு அயலானதன்று. காளிதாசனின் ‘மேகதூதம்’ அளகாபுரியின் மாடங்களில் இயக்கர் தம் மகளிரோடு கற்பக மரம் தந்த தேறல் அருந்தும் காட்சியைத் தீட்டுகின்றது. எனவே பெருவயிறு, மது, மரம், பாறை என்னும் நான்கும் ஒருங்கே குபேரனிடம் பொருந்துகின்றன. சைலீனஸிடமோ மரமும் பாறையும் பொருந்தாமல் நின்றன.

ஒப்பீட்டைக் கைவிட்டதால் அன்று, ஒப்பிடும் வரிசையை மாற்றியதால்தான் ஃபோகல் வெற்றி பெற்றார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தொலைவில் உள்ளதைத் தேடுமுன் அண்டையில் உள்ளதைப் பார்த்தார்.

கல் தானே பேசியது

பாலிகேராக் கல் வெளிப்பட்ட அதே ஆண்டுகளில், மத்திய இந்தியாவின் பார்ஹுத் என்னும் ஊரில் கன்னிங்காம் ஒரு பௌத்த தூபியின் சிதைவுகளை அகழ்ந்தார். அதன் கல்வேலித் தூண்களில் ஆளுயர ஆண்களும் பெண்களும் நிற்கின்றனர். பெண்ணொருத்தி பூத்த மரத்தைத் தழுவி நிற்கின்றாள். ஐரோப்பியப் பயிற்சி மட்டும் உடைய ஒருவர் கண்டிருப்பின் கிரேக்கரின் மரவணங்கு எனக் கூறியிருத்தல் கூடும். ஆனால் இங்கே அதற்கு இடமில்லை. சிற்பத்தின் அருகிலேயே பழைய பிராமி எழுத்தில் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ‘சந்தா யக்கி’ என்றது ஒரு கல். ‘குபிரோ யக்கோ’ என்றது மற்றொன்று. குபேரன் என்னும் இயக்கன் என்பது பொருள். ‘சுசிலோமா’, ‘விருடகன்’ எனப் பிற இயக்கர்களும் தத்தம் பெயரோடு நின்றனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் அம்மக்கள் தம் தெய்வங்களுக்கு இட்ட பெயர்கள் இவை. வெளியார் எவரும் பெயர் சூட்ட வேண்டிய தேவை அங்கில்லை.

அவ்வெழுத்துகளைப் படிக்கும் திறன் அறிஞர்க்கு எவ்வாறு வாய்த்தது? அதனை வழங்கியவர் வேறு எவரும் அல்லர், பிரின்செப்பேதான். 1836-இல் வடமதுரைச் சிற்பத்துக்குச் சைலீனஸ் என்று பெயரிட்ட அவர், அடுத்த ஆண்டாகிய 1837-இல் பிராமி எழுத்தின் பூட்டைத் திறந்தார். சாஞ்சித் தூண்களின் சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே ஈற்றுச் சொல்லில் முடிவதைக் கண்டு, அது ‘தானம்’ என்பதாக இருக்கவேண்டும் என ஊகித்து, அதிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக அவர் அறிந்த செய்தி கல்வெட்டியல் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. ஓய்வறியா உழைப்பால் உடல் நலிந்து 1838-இல் இந்தியாவை விட்டு நீங்கிய அவர், 1840-இல் லண்டனில் காலமானார். வயது நாற்பதே. அவர் மறைந்து முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அவர் தந்த திறவுகோலால் பார்ஹுத் இயக்கர்கள் வாய்திறந்து தம் பெயர் கூறினர். அப்பெயர்களே வடமதுரைப் புதிரைத் தீர்க்கவும் துணை நின்றன.

வெளியார் பெயரிட்டதுதான் தவறு என்று கொள்ளுதலும் கூடாது. வடமதுரை மாவட்டத்துப் பர்க்கம் என்னும் ஊரில் எட்டடிக்கு மேற்பட்ட பேருருவச் சிலை ஒன்று கிடைத்தது. 1919-ஐ ஒட்டி ஜயஸ்வால் அதனை அஜாதசத்துரு மன்னனின் சிலை என்றார். பாட்னாவில் கிடைத்த இரு சிலைகளையும் பண்டை மகத மன்னர் எனத் துணிந்தார். ராமபிரசாத் சந்தா முதலியோர் அவை இயக்கர் சிலைகளே என மறுத்தனர். நாட்டுப்பற்று மிக்க காலம் அது; கல்லில் பேரரசரைக் காண விழைந்த உள்ளம் பேரரசரைக் கண்டது. பின்னாளில் கல்வெட்டு செம்மையாகப் படிக்கப்பட்டபோது மணிபத்திரன் என்னும் இயக்கனின் பெயரே அதில் வெளிப்பட்டது. ஆகவே பெயரிடுவோன் எந்நாட்டான் என்பது பெரிதன்று. தான் காண விரும்புவதைக் காண்கின்றானா, கல் காட்டுவதைக் காண்கின்றானா என்பதே பெரிது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. அறிஞர்கள் மன்னன் என்றும் தெய்வம் என்றும் வழக்காடுவதற்கு நெடுங்காலம் முன்பே, அதே பர்க்கம் ஊரில் ‘ஜக்கையா’ என்னும் பெயரில் மேளா நடந்துவந்ததைக் கிரௌஸ் குறித்து வைத்தார். ஜக்கையா என்பது யட்சன் என்னும் சொல்லின் சிதைவே. ஏட்டறிவில்லா உழவர் தம் நாவில் விடையைக் காத்து வந்திருக்கின்றனர். அவர்களைக் கேட்பாரைத்தான் காணோம். வடமதுரையில் கொடிய இயக்கர் மிகுதி என்று பாலி நூலாகிய அங்குத்தர நிகாயமும் கூறும். மேடுபள்ளமான தரை, மிகுந்த புழுதி, கடிநாய், கொடிய இயக்கர், எளிதில் கிடைக்காத பிச்சை என்று அந்நகரின் ஐந்து குறைகளைப் புத்தர் எண்ணுவதாக அது அமைந்துள்ளது.

இயக்கனும் இயக்கியும்

இயக்கர் என்போர் யாவர் என்பதை முழுமையாக ஆராய்ந்து உலகுக்கு உரைத்தவர் ஆனந்த குமாரசாமி. 1877-இல் கொழும்பில் பிறந்த அவர், ஈழத்தமிழ்ச் சான்றோராகிய சர் முத்து குமாரசாமியின் மகன்; தாயார் ஆங்கில மாது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தபோது அவர் எழுதிய ‘யட்சர்கள்’ என்னும் ஆய்வு 1928-லும் 1931-லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. மரத்திலும் நீரிலும் உறைந்து, பயிர்க்கும் மகப்பேற்றுக்கும் செல்வத்துக்கும் அருள்புரியும் மண்ணின் தெய்வங்களே இயக்கர் என்று அவர் நிலைநாட்டினார். பூவும் புகையும் விளக்கும் இசையும் கொண்டு திருவுருவத்தை வழிபடும் முறை அவ்வழிபாட்டில் வேரூன்றியது என்பது அவர் கருத்து. புத்தர் திருவுருவமே கிரேக்கக் கலையிலிருந்து பிறந்தது என ஃபூஷே கூறியதை மறுத்து, வடமதுரையின் பழைய இயக்கர் சிலைகளே அதற்கு முன்னோடி என்று 1927-இல் வாதிட்டவரும் அவரே. ஐரோப்பியக் கல்வியும் கீழைநாட்டு உணர்வும் ஒருங்கே பெற்ற ஒருவர்க்கே அவ்வாறு இருபுறமும் நோக்கி எடைபோடுதல் இயன்றது.

இத்தெய்வங்கள் தமிழர்க்குப் புதியவரல்லர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரையின் புறஞ்சேரியில் எழுந்தருளிய இயக்கிக்குப் பாற்சோறு படைத்துத் திரும்பும் வழியிலேயே மாதரி கவுந்தியடிகளைக் காண்கின்றாள். கண்ணகி அவளிடம் அடைக்கலமாகின்றாள். காப்பியத்தின் திருப்புமுனை ஓர் இயக்கி வழிபாட்டின் வழியில் நிகழ்கின்றது. மலைச்சோலையில் ஆடும் சூரரமகளிரைத் திருமுருகாற்றுப்படை பாடுகின்றது. மரத்தில் உறையும் கடவுளைச் சங்கச் சான்றோர் பல இடங்களில் சுட்டுவர். சமணர் தம் தீர்த்தங்கரர்க்கு இயக்கன் இயக்கியரைக் காவலாக வைத்தனர். கழுகுமலைப் பாறையில் இயக்கி இன்றும் எழிலோடு நிற்கின்றாள். நெல்லை, குமரி மாவட்டங்களில் ஊர்தோறும் வணங்கப்பெறும் இசக்கியம்மனின் பெயர் இயக்கி என்பதன் திரிபே. பர்க்கத்து ஜக்கையாவும் நாஞ்சில் நாட்டு இசக்கியும் ஒரு சொல்லின் இரு கிளைகள் எனின், குமரி முதல் யமுனை வரை ஓடும் உறவு எவ்வளவு பழமையானது! தில்லியில் வாழும் நெல்லைத் தமிழர் ஒருவர் அச்சிற்பத்தின் முன் நிற்பாராயின், பிரின்செப்பைவிட அவருக்கே அத்தெய்வத்தோடு உறவு அதிகம்.

கோலமும் குணமும்

அவ்வாறாயின் கிரேக்க ஒப்பீடு முற்றிலும் வீணோ? அன்று. அக்கற்களிலுள்ள பெண்களின் உடையிலும், கூட்டத்தை அமைத்த முறையிலும் யவனச் சாயல் உண்மையாகவே உண்டு. காந்தாரத்தின் வழியே அக்கலைமரபு வடமதுரைச் சிற்பிக்குத் தெரிந்திருந்தது. டயோனிசஸ் கூட்டத்தின் காட்சியமைப்பை அவன் எடுத்துக்கொண்டு, தன் ஊர்த் தெய்வத்தை அதில் அமர்த்தினான். கோலம் அயலது, குணமும் பெயரும் அவனுடையவை.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் வரலாற்றில் உண்டு. இன்றைய தஜிகிஸ்தானின் தென்பகுதியில், ஆக்சஸ் ஆற்றங்கரையிலுள்ள தக்தி சங்கீன் கோயிலில் சிறு கல்மேடை ஒன்று கிடைத்தது. அதன்மேல் இரட்டைக் குழல் ஊதும் சைலீனஸின் வெண்கலப் பாவை. ஐயத்துக்கு இடமில்லாத கிரேக்க வடிவம் அது. ஆனால் மேடையில் கிரேக்க எழுத்தில் பொறித்திருப்பதோ, அத்ரோசோக்கஸ் என்பான் ஆக்சஸுக்கு நேர்ந்து அளித்தது என்பதாகும். நேர்ந்தவன் பெயர் ஈரானியப் பெயர். வணங்கப்பட்டது அவ்வூர் ஆறு. உண்மையான சைலீனஸ் வடிவமே வேறொரு தெய்வத்தைக் குறிக்குமாயின், அவ்வடிவின் சாயலை மட்டும் கொண்டு தெய்வத்தின் பெயரைத் துணிதல் எவ்வாறு பொருந்தும்?

நம் புறநானூறும் இதற்குச் சான்று பகர்கின்றது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் 56-ஆம் பாட்டில், யவனர் கலத்தில் கொணர்ந்த நறுந்தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அதனை உண்டு இனிது வாழ்க என்கின்றார். அக்காட்சியை ஒரு சிற்பி கல்லில் வடித்திருந்தால், கிண்ணமும் தேறலும் கண்டு ‘இவன் டயோனிசஸ்’ என்று எவரேனும் கூறியிருக்கலாம். தேறல் யவனருடையது, உண்டவன் பாண்டியன்.

இவற்றால் பெறப்படும் முடிபு ஒன்று. ஒப்பீடு இனத்தைக் காட்டும், பெயரைக் காட்டாது. சைலீனஸோடு ஒப்பிட்டதனால், வடமதுரை உருவம் பேரரசனும் அல்லன், ஞானியும் அல்லன், காடும் மரமும் மதுவும் சார்ந்த ஓர் இயற்கைத் தெய்வம் என்னும் அளவுக்கு உண்மை புலப்பட்டது. அது சிறிய பயனன்று, முதற்படி அது. ஆனால் பெயரை அறிய வேண்டுமாயின் அண்டையிலுள்ள சிற்பங்களையும், அம்மண்ணின் எழுத்தையும், அவ்வூர் மக்களின் நாவையும் நாடவேண்டும். முதற்படியிலேயே நின்றுவிட்டால் விருந்தினன் பெயரால் வீட்டுக்காரனை அழைத்ததாக முடியும்.

முடிவுரை

இது கல்லுக்கு மட்டும் உரிய நீதியன்று. விந்தியத்துக்கு வடக்கே குடியேறிய நாம் தலைமுறை தலைமுறையாக ‘மதராசி’ என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டு வந்துள்ளோம். தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் அனைவர்க்கும் அது ஒன்றே பெயர். அழைத்தோர் பெரும்பாலும் பகைமையால் அழைக்கவில்லை. தமக்குத் தெரிந்த பெயரால் அழைத்தனர். இனத்தை ஒருவாறு அறிந்தனர், பெயரை அறியவில்லை. நாமும் அண்டை வீட்டாரை அவ்வாறே அழைப்பதில்லையா? பஞ்சாபியும் பீகாரியும் கடுவாலியும் நம் வீட்டுப் பேச்சில் ‘இந்திக்காரர்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றனர் அல்லவா? அவர்கள் ஊர்த் தெய்வத்தின் பெயர் என்ன, அதற்கு எந்த மாதத்தில் விழா என்று கேட்டறிந்தோர் நம்மில் எத்தனை பேர்?

நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்குள்ள பள்ளிகளில் கிரேக்கக் கதையும் படித்து வளர்கின்றனர். அது நன்றே. சைலீனஸை அறிந்த பிள்ளை இசக்கியையும் அறிதல் வேண்டும். இசக்கியை அறிந்த பிள்ளை பர்க்கத்து ஜக்கையாவையும் அறிதல் வேண்டும். அடுத்த முறை வடமதுரை செல்லும் தமிழன்பர்கள் கோயில் வழிபாடு முடிந்தபின் ஒரு மணிப்பொழுது அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்குவார்களாக. தில்லித் தேசிய அருங்காட்சியகத்திலும் வடமதுரைப் பகுதியின் மகோலியில் கிடைத்த இவ்வகைச் சிற்பம் உண்டு. மதுவில் மயங்கிச் சாயும் நங்கையைத் தோழர் தாங்கும் காட்சி அது.

பிளேட்டோ கூறிய சைலீனஸ் பாவையைப் போன்றதே பாலிகேராக் கல்லும். வெளியே பார்ப்பார்க்கு அவன் யவன நாட்டுக் குடியன். பொறுமையோடு திறந்து பார்ப்பார்க்கோ, வடதிசையைக் காக்கும் குபேரன் உள்ளே அமர்ந்திருக்கின்றான்; அவனருகே நம் ஊர் இயக்கியின் உறவினரும் நிற்கின்றனர்.